ஏரியில்லாத லேக் வியூ ரோட்டில் ஒரு குதிரைக் கணக்கு

அந்தியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேள்வி-பதில் பகுதிக்கு இப்படி எழுதியிருந்தார்: "எனக்கு இரண்டரை ஏக்கர் நிலம். என் மகன் ஆடிச் சந்தையில் ஒரு கத்தியவார் பெண் குதிரை வாங்கிவிட்டான். நகையை அடகு வைத்த பணம். குதிரைக் கண்காட்சிகளில் 'பல்திறன் குதிரை' என்று பெரிய பரிசு இருக்கிறதாம். அதை வாங்கிவிட்டால் குட்டிக்கு நல்ல விலை கிடைக்கும் என்கிறான். அந்தப் பரிசை எப்படி முடிவு செய்கிறார்கள்? நாங்கள் நம்பலாமா?"

நமது பத்திரிகைக்கு மாடு, ஆடு, கோழி பற்றித்தான் கேள்வி வரும். குதிரை அபூர்வம். ஆனால் அடகு வைத்த நகை என்றதும் சும்மா நாலு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை. எனக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவர் மேற்கு மாம்பலத்தில் இருக்கிறார். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து, முப்பது வருடம் கிராமம் கிராமமாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாட்டுக் கண்காட்சிகளில் நடுவராக நின்றவர், குதிரைப் போட்டிகளில் மருத்துவப் பரிசோதனைக்கும் போனவர். அவரைப் பார்க்கக் கிளம்பினேன்.

தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில் பிடித்தேன். கிண்டி நிலையத்துக்குப் பக்கத்தில்தான் பழைய குதிரைப் பந்தய மைதானம். 1777-லேயே அங்கே பந்தயம் தொடங்கிவிட்டது. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896-ல் உருவானது. அடுத்து சைதாப்பேட்டை, அதற்கு அடுத்தது மாம்பலம். நிலையத்தில் கிழக்கே இறங்கினால் ரங்கநாதன் தெரு. ஜவுளி, பாத்திரம், நகை என்று தலையைத் திருப்ப முடியாத கூட்டம். மேற்கே இறங்கினால் வேறு ஊர். காய்கறிக் கடை, பூக்கடை, அப்பளம் விற்கும் வீடு, காபிப்பொடி வாசனை. ஆரிய கவுடா ரோட்டில் அயோத்தியா மண்டபத்தைத் தாண்டி நடந்தேன். வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் வழி கேட்டேன். "நேரா போய் லேக் வியூ ரோடு" என்றார்.

ஏரி எங்கே?

லேக் வியூ ரோடு என்றால் ஏரியைப் பார்க்கும் சாலை. இருபுறமும் அடுக்குமாடி வீடுகள், மருந்துக் கடை, பைக் வரிசை. ஏரியைத்தான் காணோம்.

மருத்துவர் வீட்டில் மோர் குடித்துக்கொண்டே முதலில் அதைத்தான் கேட்டேன். சிரித்தார். "ஏரி இருந்தது தம்பி. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரைக்கும் நீளமாக் கிடந்தது. வெள்ளைக்காரன் 'லாங் டேங்க்'னு பேர் வெச்சான். இந்த மாம்பலம் அப்போ கிராமம். வயல், தோப்பு எல்லாம் இருந்த இடம். 1920-களில் ஏரியை வடிச்சு, மண் போட்டு, மனை போட்டாங்க. அதுதான் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தியாகராய நகர். பேர் மட்டும் இந்தத் தெருவில மிச்சம்."

"அதுக்கும் நீங்க கேட்க வந்த குதிரைக்கும் சம்பந்தம் இருக்கு, அப்புறம் சொல்றேன்" என்று கடிதத்தை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு ஒரு பழைய நோட்டை எடுத்தார்.

ஒரே குதிரை, பல பரீட்சை

"பந்தயம்னா ஒரே பரீட்சை. யார் முதல்ல கோட்டைத் தொடுறாங்க, அவ்வளவுதான். அழகுப் போட்டியும் ஒரே பரீட்சைதான். பல்திறன் பரிசு அப்படி இல்ல. ஒரே குதிரை பல பரீட்சை எழுதணும். எல்லா மார்க்கையும் கூட்டி முடிவு சொல்லுவாங்க."

கணக்குப் போடும் முறை நாட்டுக்கு நாடு, சங்கத்துக்குச் சங்கம் மாறும். அவர் மூன்று முறைகளைச் சொன்னார்.

முதலாவது, அமெரிக்காவில் பண்ணைக் குதிரைகளுக்கு வைக்கும் முறை. அங்கே 'குவார்ட்டர் ஹார்ஸ்' என்ற இனத்தை மாடு மேய்க்கப் பயன்படுத்துகிறார்கள். பல்திறன் போட்டியில் சவாரி நடை, தடைப்பாதை, கட்டுப்பாட்டு ஓட்டம், மாட்டை மடக்குவது, உடல் அமைப்பு என்று தனித்தனிப் பிரிவுகள். தடைப்பாதையில் சவாரி செய்பவர் இறங்காமலே படலைத் திறந்து மூட வேண்டும். குதிரை மிரளாமல் மரப்பாலத்தைத் தாண்ட வேண்டும். கயிற்றில் கட்டிய கட்டையை இழுத்துக்கொண்டு போக வேண்டும். எல்லாமே பண்ணையில் தினமும் நடக்கிற வேலை.

நடுவர் எடுத்த எடுப்பில் 70 என்று வைத்துக்கொள்வார். சராசரியாகச் செய்தால் 70 அப்படியே நிற்கும். ஒவ்வொரு செயலுக்கும் அரை அரைப் புள்ளியாக, ஒன்றரை வரை கூட்டலாம், ஒன்றரை வரை குறைக்கலாம். தவறுக்குத் தனியாகத் தண்டப் புள்ளி உண்டு. இப்படி ஒவ்வொரு பிரிவிலும் முதல், இரண்டு, மூன்று என்று இடம் தெரிந்ததும் அந்த இடத்துக்குப் புள்ளி தருவார்கள். அதிகக் குதிரைகள் கலந்துகொண்ட பிரிவில் ஜெயித்தால் அதிகப் புள்ளி. கடைசியில் ஒவ்வொரு குதிரையும் வாங்கிய இடப் புள்ளிகளைக் கூட்டுவார்கள்.

எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. மருத்துவர் நோட்டில் எழுதிக் காட்டினார். "எட்டுக் குதிரைன்னு வெச்சுக்கோங்க. முதலாவது வந்தா 8 புள்ளி, இரண்டாவது வந்தா 7, இப்படி இறங்கி எட்டாவதுக்கு 1. அஞ்சு பிரிவு."

செவலைக் குதிரை இரண்டு பிரிவில் முதலிடம். 8-ம் 8-ம் 16. மற்ற மூன்றில் ஆறாவது, ஏழாவது, ஐந்தாவது. அதற்கு 3, 2, 4. மொத்தம் 25.

கருப்புக் குதிரை எதிலுமே முதலிடம் இல்லை. இரண்டாவது, மூன்றாவது, மூன்றாவது, இரண்டாவது, நான்காவது. அதாவது 7, 6, 6, 7, 5. மொத்தம் 31.

"பல்திறன் கோப்பை கருப்புக்கு. ஒரு பிரிவுல கூட முதல் பரிசு வாங்காத குதிரைக்குப் பெரிய கோப்பை. பார்க்க வந்த கூட்டம் கத்தும், 'செவலைதானே ரெண்டு முதல் பரிசு வாங்குச்சு'ன்னு. ஆனா கணக்கு சரி. இரண்டு பேருக்கும் ஒரே மொத்தம் வந்துட்டா, எந்தப் பிரிவுல யார் மேல இருக்காங்கன்னு பார்க்கணும்னு முன்னாடியே விதியில எழுதியிருப்பாங்க. குதிரையை ஒரு பிரிவுக்குக் கொண்டுவரலைன்னா அந்தப் புள்ளி பூஜ்யம். சில இடத்துல கோப்பைக்கே தகுதி போயிடும்."

வருடம் முழுக்க நடக்கும் கண்காட்சிகளின் புள்ளிகளைச் சேர்த்து, வருடக் கடைசியில் பரிசு தரும் சங்கங்களும் உண்டு. அங்கே குறைந்தது இத்தனை வகைப் பிரிவுகளில் புள்ளி எடுத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைப்பார்கள். ஒரே வித்தையை ஊர் ஊராகக் காட்டிப் புள்ளி சேர்ப்பதைத் தடுக்கத்தான் அது.

ஒரு கட்டை விழுந்ததில் போன தங்கம்

இரண்டாவது முறை நம் நாட்டு வீரர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. 'ஈவென்டிங்' என்பார்கள். அந்தக் காலக் குதிரைப்படை அதிகாரிகளின் குதிரைக்கு வைத்த பரீட்சையிலிருந்து வந்தது. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. அணிவகுப்பில் ஒழுங்காக நிற்கவும் வேண்டும், காடு மேடு தாண்டவும் வேண்டும், மறுநாள் மறுபடி வேலைக்கு எழுந்திருக்கவும் வேண்டும். அதனால் மூன்று பரீட்சை: நடை ஒழுங்கு, காடுமேடு ஓட்டம், தடை தாண்டல்.

இங்கே குறைந்த புள்ளி எடுத்தவர்தான் வெற்றி. நடை ஒழுங்கில் நூற்றுக்கு எவ்வளவு குறைகிறதோ அது தண்டப் புள்ளி. காடுமேடு ஓட்டத்தில் ஒரு தடையைத் தாண்ட மறுத்தால் 20. நேரம் தாண்டினால் வினாடிக்கு 0.4. தடை தாண்டலில் ஒரு கட்டை விழுந்தால் 4.

2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பெங்களூருவைச் சேர்ந்த ஃபவாத் மிர்சா, செய்னியர் மெடிகாட் என்ற குதிரையில் இந்தப் போட்டியில் இறங்கினார். நடை ஒழுங்கில் 22.40. காடுமேடு ஓட்டத்தில் ஒரு புள்ளிகூடச் சேரவில்லை. முதலிடத்தில் இருந்தார். கடைசித் தடை தாண்டலில் ஒரு கட்டை விழுந்தது. 22.40-ம் 4-ம் சேர்ந்து 26.40. ஜப்பான் வீரர் யோஷியாகி ஒய்வா 22.70-ல் முடித்துத் தங்கம் வாங்கினார். மிர்சாவுக்கு வெள்ளி. 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் ரகுபீர் சிங் இதே போட்டியில் தங்கம் வாங்கிய பிறகு, 36 வருடம் கழித்து குதிரையேற்றத்தில் இந்தியருக்குக் கிடைத்த தனிநபர்ப் பதக்கம் அது.

"அந்தக் கட்டை விழாம இருந்தா தங்கம். மூணு நாள் பரீட்சையில ஒரு பலவீனம் போதும், மேலே இருக்கிறவன் கீழே வந்துடுவான். இந்த முறையில வீக்கான இடம் மறையாது" என்றார் மருத்துவர்.

மூன்றாவது முறை நெடுந்தூர ஓட்டம். இது ஒரே பரீட்சைபோலத் தெரியும். ஆனால் வழியில் நிறுத்தி மருத்துவர் பார்ப்பார். குறிப்பிட்ட நேரத்துக்குள் குதிரையின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 64-க்கு இறங்கிவிட வேண்டும். ஓய்வில் இருக்கும் குதிரைக்கு 28 முதல் 44 வரை இருக்கும். நொண்டுகிறதா என்று நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். துடிப்பு இறங்காவிட்டாலோ, நொண்டினாலோ, முதலில் வந்த குதிரையும் போட்டிக்கு வெளியே. "இந்தப் பரிசோதனைக்குத்தான் என்னைக் கூப்பிடுவாங்க. ஜெயிச்சுட்டு வந்தவன் கையில இருந்து வெற்றியைப் பிடுங்குற வேலை. ஆனா குதிரையோட உசிரு அதுல இருக்கு."

நம் சந்தையில் எதைப் பார்க்கிறோம்?

நான் அந்தியூர்ச் சந்தை பற்றிக் கேட்டேன். குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவில் மாடும் குதிரையும் கூடும் இடம். திப்பு சுல்தான் காலத்திலிருந்தே நடக்கிறது என்று ஊரில் சொல்வார்கள். கத்தியவார், மார்வார், நாட்டு மட்டக் குதிரை எல்லாம் வரும். காது நுனி உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொடுகிறதா, நிறம் என்ன, சுழி எங்கே இருக்கிறது, பல் எத்தனை என்று பார்ப்பார்கள். மேளத்துக்குக் குதிரை ஆடினால் கூட்டம் சேரும், விலையும் ஏறும்.

"பல்லைப் பார்க்கிறது சரி, வயசு தெரியும். காதைப் பார்க்கிறதும் சரி, இனம் தெரியும். ஆனா நாலு குளம்பையும் தூக்கிப் பார்க்கிறவங்க எத்தனை பேர்? வட இந்தியக் கண்காட்சியிலயும் பால் பல், இரண்டு பல், பெண் குதிரை, பொலிகுதிரைன்னு பிரிச்சு உடல் அமைப்புக்குத்தான் பெரிய பரிசு. அந்தப் பரிசு தப்பில்ல. ஆனா எதுக்குப் பரிசு கொடுக்கிறோமோ அதைத்தான் ஜனங்க இனப்பெருக்கம் பண்ணுவாங்க."

அப்போதுதான் என் கதையைச் சொன்னேன். சில வருடங்களுக்கு முன் பக்கத்து ஊர்க் கண்காட்சிக்கு என் நாட்டுப் பசுவை ஓட்டிப்போனேன். ஒன்பது ஈற்று ஈன்றது. குழந்தை போய் மடியைத் தொட்டாலும் கால் தூக்காது. ஏரிலும் பூட்டியிருக்கிறேன். நடுவர்கள் சுற்றி வந்தார்கள். கொம்பு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது என்று ஒதுக்கிவிட்டார்கள். முதல் பரிசு வாங்கிய மாடு அதுவரை சினையே பிடிக்காதது. மதிப்பெண் தாளைக் காட்டச் சொன்னேன். அப்படி ஒன்று இல்லை என்றார்கள். அன்று வீட்டுக்கு வந்து அந்தப் பசுவின் கன்றை நல்ல விலை வந்ததென்று விற்றுவிட்டேன். இன்றைக்கு அந்த வம்சம் என்னிடம் இல்லை.

மருத்துவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நோட்டில் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். அமெரிக்காவில் கறவை மாட்டுக் கண்காட்சிக்கான மதிப்பெண் அட்டை. 100-க்கு மடிக்கு மட்டும் 40, கறவைத் தன்மைக்கு 25, பின்னங்கால், குளம்புக்கு 20, உடல் கட்டுக்கு 15. "கொம்புக்குன்னு தனி மார்க் இல்ல, பாருங்க. அவனுக்குப் பால் வேணும், மாடு பல ஈத்து நிக்கணும். அதனால மடிக்கும் காலுக்கும் கொடுத்திருக்கான். நமக்கு என்ன வேணுமோ அதுக்கு நாம எழுதிக்கணும்."

அவரே நாட்டுப் பசுவுக்கு ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கிறார். பால் 25, இரண்டு ஈற்றுக்கு நடுவே உள்ள காலம் 25, குணம் 15, காலும் குளம்பும் 15, நோய் எதிர்ப்பு 10, இன அடையாளம் 10. "இது என் கணக்கு. உழவுக்கு வெச்சிருக்கிறவர் காலுக்கு அதிகம் கொடுக்கலாம். கொட்டகைச் சுவத்துல எழுதி வைங்க. எந்தக் கன்றை வெச்சுக்கிறது, எதை விக்கிறதுன்னு அது சொல்லும்."

மாம்பலம் ஏரி வாங்கிய மதிப்பெண்

மாலையில் அவரோடு லேக் வியூ ரோட்டில் நடந்தேன். அப்போது காலையில் விட்ட பேச்சை எடுத்தார். "ஏரியைப் பத்திச் சொல்றேன்னேனே. நூறு வருஷத்துக்கு முன்னாடி ஏரியையும் ஒரே பரீட்சையிலதான் வெச்சாங்க. மனை எத்தனை போடலாம்கிற பரீட்சை. அதுல ஏரி தோத்துப் போச்சு. பாசனம், மீன், கிணத்து ஊத்து, மழைத் தண்ணியைத் தாங்குறது, இதுக்கெல்லாம் மார்க் போட்டுக் கூட்டியிருந்தா ஏரிதான் ஜெயிச்சிருக்கும்."

மேற்கு மாம்பலத்துக்காரர்களுக்கு அந்தக் கூட்டல் ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் நினைவுக்கு வருகிறது. பலத்த மழை பெய்தால் துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும், தெருக்களிலும் முழங்கால் அளவு ஏறும்.

இன்னொரு செய்தியும் உண்டு. காலையில் நான் கடந்து வந்த கிண்டிப் பந்தய மைதானத்தின் குத்தகையை ரத்து செய்து, 2024 செப்டம்பரில் தமிழக அரசு அந்த நிலத்தை எடுத்துக்கொண்டது. அதன்மீது வழக்கும் நடந்தது. மழைவெள்ளத்தைத் தாங்க அந்த மைதானத்தில் குளங்கள் வெட்டினார்கள். ஒரு பக்கம் தூர்த்த ஏரிக்கு, இரண்டு ரயில் நிலையம் தள்ளிக் குளம் வெட்ட வேண்டியதாயிற்று.

அந்தியூர் வாசகருக்குப் பதில்

மருத்துவர் சொன்னதையும் நான் புரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஐயா, உங்கள் மகனைத் திட்டாதீர்கள். ஆனால் பரிசை நம்பிக் கடனைக் கூட்டாதீர்கள். எந்தக் கண்காட்சிக்குப் போவதானாலும் முதலில் விதித் தாளை எழுத்தில் வாங்குங்கள். நான்கு கேள்வி கேளுங்கள். எத்தனை பிரிவுகள்? இடப் புள்ளியா, மதிப்பெண் கூட்டலா, தண்டப் புள்ளியா? எல்லாப் பிரிவிலும் அதே குதிரை இறங்க வேண்டுமா? சமமாக வந்தால் எந்தப் பிரிவை வைத்து முடிவு? இதற்குப் பதில் சொல்லத் தெரியாதவர்கள் நடத்தும் கண்காட்சியில் 'பல்திறன்' என்ற பெயர் மட்டும்தான் இருக்கும். நுழைவுக் கட்டணம், லாரி வாடகை வீண்.

விதி இருக்கிறது என்றால், குதிரையின் பலமான வித்தையை மட்டும் பழக்காதீர்கள். வீக்கான இடத்தைச் சரி செய்தால்தான் மொத்தப் புள்ளி ஏறும். ஆறாவது வரும் பிரிவில் மூன்றாவது வந்தால் மூன்று புள்ளி. ஏற்கெனவே முதலாவது வரும் பிரிவில் இன்னும் நன்றாகச் செய்தாலும் இடப் புள்ளி கூடாது.

செலவுக் கணக்கும் பாருங்கள். குதிரை அசைபோடும் பிராணி அல்ல. உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு அளவுக்குத் தினமும் உலர் எடையில் தீனி வேண்டும். 350 கிலோ குதிரைக்குச் சுமார் 5 முதல் 7 கிலோ. அதில் பெரும்பகுதி புல், வைக்கோல் வகையாக இருக்கட்டும். போட்டி வருகிறதென்று திடீரென்று கொள்ளும் சோளமும் அள்ளிப் போட்டால் வயிற்றுவலி வந்து குதிரையே போய்விடும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும். கிளாண்டர்ஸ் நோய் இல்லை என்ற ரத்தப் பரிசோதனைச் சான்று கேட்கும் கண்காட்சிகள் உண்டு. அது மனிதருக்கும் தொற்றும் நோய். கேட்காவிட்டாலும் பக்கத்துக் கால்நடை மருத்துவமனையில் விசாரித்து எடுத்துவிடுங்கள்.

குட்டிக்கு விலை கிடைக்குமா என்றால், தாயின் கோப்பையைவிட தாயின் கால், மூச்சு, குணம் மூன்றையும் வாங்குபவர் கண்முன் காட்ட முடிந்தால் பேரம் பேச உங்களுக்கு இடம் இருக்கும். பரிசு வந்தால் அது மேலே கிடைக்கிற லாபம். முதல் குட்டிவரை ஆகும் தீனிச் செலவை மகனையே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்தத் தொகையை இரண்டரை ஏக்கர் தாங்குமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். தாங்காதென்றால் அடுத்த ஆடிச் சந்தைக்குள் நல்ல கைக்கு மாற்றிவிட்டு நகையை மீட்டுவிடுங்கள்.

ஊருக்குத் திரும்பியதும் நானும் கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் ஆறு வரி எழுதினேன். இப்போது இருக்கும் இரண்டு கிடேரிகளில் எதை வைத்துக்கொள்வது என்று இன்னும் கூட்டி முடிக்கவில்லை. கொம்புக்கு மட்டும் மதிப்பெண் போடவில்லை.